தங்கத்துக்கு எது, கண்ணாடிக்கு எது: மலையில் பயோசென்சார் செய்பவர்களுக்கு ஒரு பூச்சு ஒப்பீடு

கடந்த மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் ஊட்டியில் மருந்தியல் முதுநிலை படிக்கும் மாணவி. தங்கம் பூசிய சிப்பில், நோயாளியின் சீரத்திலிருந்து ட்ரோபோனினை அளக்கப் பார்க்கிறார். மாரடைப்பில் இதயத் தசையிலிருந்து ரத்தத்துக்குள் கசியும் புரதம் அது. இன்னொருவர் கோத்தகிரிக்காரர். நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, கண்ணாடி இழையின்மேல் சிக்கிள் செல் நோயின், அதாவது ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயின், ஹீமோகுளோபினைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துவருகிறார். "அண்ணா, படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுது. எந்தப் பூச்சு போடட்டும்?" என்றார் மாணவி. கோத்தகிரிக்காரரும் அதையேதான் கேட்டார்.

இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறாயிற்று என்பதை விரிவாக எழுதிவைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் அடிப்படை. இந்த வகைக் கருவிகளில் ஒளி கீழிருந்து வந்து மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது அதன் ஒரு மெல்லிய தோல், ஏறத்தாழ 200 நானோமீட்டர் உயரத்துக்கு, மேலே உள்ள திரவத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தோலுக்குள் ஏதாவது வந்து ஒட்டினால் ஒளிவிலகல் எண் மாறும், கருவி அதைக் காட்டும். ஆனால் கருவிக்கு எது ஒட்டியது என்று தெரியாது. ஏதோ ஒட்டியது என்று மட்டும்தான் தெரியும். ட்ரோபோனின் ஒட்டினாலும் ஆல்புமின் ஒட்டினாலும் அதற்கு ஒன்றுதான். எது ஒட்டலாம், எது கூடாது என்று பிரிப்பது முழுக்கப் பூச்சின் பொறுப்பு.

## எதை வைத்து அளப்பது

பூச்சின் பெயரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மாதிரியைப் பாருங்கள். சீரத்தில் ஆல்புமின் மட்டும் லிட்டருக்கு சுமார் 40 கிராம் இருக்கிறது. ட்ரோபோனினில் கவலைப்பட வேண்டிய எல்லை லிட்டருக்குப் பதினான்கு நானோகிராம் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. அதாவது நீங்கள் தேடும் ஒரு கிராமுக்கு எதிரே, தேடாத சரக்கு சுமார் 285 கோடி கிராம் நிற்கிறது. ஆகவே மாணவிக்கு முதல் அளவுகோல் வேண்டாத ஒட்டல்தான். இதைச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று சொல்வார்கள். வெறும் தங்கத்தின்மேல் நீர்க்காத சீரத்தை ஓடவிட்டால் நூற்றுக்கணக்கில் ஏறும். ஐந்துக்குக் கீழே இருந்தால் மிகச் சிறந்த பூச்சு என்பார்கள்.

சிக்கிள் செல்லில் கணக்கு தலைகீழ். ரத்தத்தில் ஹீமோகுளோபின் லிட்டருக்கு 150 கிராம் அளவில் இருக்கிறது. அரிவாள் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களிடம் அதில் 35 முதல் 40 சதவீதம் சிக்கிள் வகை. ரத்தத்தை ஆயிரம் மடங்கு நீர்த்தாலும் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் கிடைக்கும். மற்றப் புரதங்கள் ஒட்டுவது அங்கே பெரிய தொல்லை இல்லை. ஹீமோகுளோபின் சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதை உங்கள் ஆன்டிபாடி, அதாவது தேடும் புரதத்தைப் பிடிக்கப் பூச்சின்மேல் நிறுத்தும் புரதம், அடையாளம் காணுமா என்பதுதான் தொல்லை. அதற்கு எந்தப் பூச்சும் உதவாது.

இரண்டாவது அளவுகோல் பிடிமானம். ஆன்டிபாடி எத்தனை உட்காரும், பிடிக்கும் கை மேலே பார்த்தபடி உட்காருமா என்பது. நேராக நிறுத்த, ஆன்டிபாடியை வால் பக்கமாகப் பிடிக்கும் புரோட்டீன் ஏ போடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சுத்தமான பஃபரில் (அமில, காரநிலை மாறாத கரைசலில்) அருமையாக வேலை செய்யும். ஆனால் சீரத்தில் நோயாளியின் சொந்த ஆன்டிபாடிகளே மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் மிதக்கின்றன. காலியாக இருக்கும் புரோட்டீன் ஏ ஒவ்வொன்றும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம், பயோட்டின் வைட்டமின் ஜோடி இதற்கு மேல். ஆனாலும் முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களின் ரத்தம் இந்த ஜோடியை நம்பியிருக்கும் சோதனைகளைக் குழப்பும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-இல் எச்சரித்ததை மறக்க வேண்டாம்.

மூன்றாவது தடிமன். பூச்சு தடித்தால் மார்க்கர், அதாவது நாம் தேடும் புரதம், ஒளியின் வலுவான பகுதியை விட்டு விலகிவிடும். நான்காவது, ஒருமுறை அளந்தபின் அமிலத்தால் கழுவி மறுபடி பயன்படுத்த முடியுமா என்பது. கடைசியாக, நம் மலைக்கே உரிய ஈரமும் குளிரும்.

## அவசரத்தில் இருப்பவர்களுக்கு

| பூச்சு | எதன்மேல் | நீர்க்காத சீரம் | மறுபயன்பாடு | போடும் சிரமம் |
|---|---|---|---|---|
| கலப்புத் தையால் அடுக்கு | தங்கம் | ஓரளவு | உண்டு | குறைவு |
| டெக்ஸ்ட்ரான் | தங்கம் | சுமார் | பல பத்துமுறை | வாங்கினால் இல்லை, விலை அதிகம் |
| ஸ்விட்டரயான் பாலிமர் | தங்கம், கண்ணாடி | மிக நன்று | உண்டு | அதிகம் |
| சிலேன் | கண்ணாடி, சிலிக்கான் | மேலே வேறு பூச்சு வேண்டும் | உண்டு | ஈரத்தைப் பொறுத்தது |
| பாலிலைசின்-பெக் | கண்ணாடி, உலோக ஆக்சைடு | நன்று | இல்லை | மிகக் குறைவு |
| பாலிடோபமின் | எதன்மேலும் | மேலே வேறு பூச்சு வேண்டும் | ஓரளவு | மிகக் குறைவு |

## கலப்புத் தையால் அடுக்கு

தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள ஒட்டுறவு மேல் நிற்கும் பூச்சு இது. ஒரு முனையில் கந்தகம் உள்ள நீளமான மூலக்கூறுகளை எத்தனாலில் கரைத்து, தங்கச் சிப்பை ஓர் இரவு ஊறவைத்தால் அவை நாற்று நட்டதுபோல் வரிசையாக நின்றுவிடும். உயரம் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். ஆகவே மார்க்கர் ஒளியின் வலுவான இடத்திலேயே வந்து உட்காரும்.

பத்தில் ஒரு பங்கு கார்பாக்சில் முனையும், மீதி ஒன்பது பங்கு எத்திலீன் கிளைக்கால் முனையும் கலந்து போடுவது வழக்கம். ஒரு பங்கு ஆன்டிபாடியைப் பிணைக்க, ஒன்பது பங்கு மற்றதைத் தள்ளிவைக்க. எத்திலீன் கிளைக்கால் முனைகள் புரதத்தை ஒட்டவிடாது என்று பிரைமும் ஒயிட்சைட்ஸும் 1991-இல் காட்டினார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செலவு குறைவு, தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பதும் எளிது.

மறைந்திருக்கும் செலவு தங்கத்தைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரான்யா கரைசலைப் பல செய்முறைகள் சொல்லும். எத்தனால் போன்ற கரிமப் பொருள் பட்டால் அது வெடிக்கக்கூடியது. குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைத்துவைக்கும் நம் ஊர் ஆய்வகங்களில், புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். புறஊதா ஒளியும் ஓசோனும் கொண்டு சுத்தம் செய்யும் சிறு பெட்டி ஒன்று போதும், பயம் இல்லை.

அடுத்து ஆயுள். கந்தகப் பிணைப்பு காற்றிலும் வெளிச்சத்திலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். போட்ட சிப்பை நைட்ரஜன் நிரப்பிய உறையில், இருட்டில், குளிர்ச்சியாக வைத்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

## டெக்ஸ்ட்ரான்

ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து 1990-இல் பியாகோர் கருவி வந்தபோது கூடவே வந்த பூச்சு. சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஜெல், தண்ணீரில் 100 நானோமீட்டர் வரை உப்பி நிற்கும். அதற்குள் மாடி மாடியாக ஆன்டிபாடி உட்காரலாம் என்பதால் சிக்னல் பெரிது. சிறிய மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஒட்டிப் பிரிகின்றன என்று படிப்பவர்களுக்கு இன்றும் இதுதான் முதல் தேர்வு.

நோயாளியின் சீரத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. கார்பாக்சில் சுமையால் எதிர்மின்னேற்றம் நிறைய இருப்பதால் நேர்மின்னேற்றப் புரதங்கள் உள்ளே போய்த் தங்கும். வைரஸ் போன்ற பெரிய உருவங்கள் ஜெல்லுக்குள் நுழையவும் முடியாது. அதோடு சிப் ஒரு குறிப்பிட்ட கருவிக்கென்றே வார்த்தது, விலையும் மாணவர் பட்ஜெட்டுக்கு வெளியே. கோவையிலோ பெங்களூரிலோ அந்தக் கருவி உள்ள ஆய்வகத்தில் நாள் கிடைத்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

## பெக் என்கிற பழகிய தீர்வு

பாலி எத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக், தண்ணீரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு புரதங்களை அண்டவிடாது. எல்லாக் கடையிலும் கிடைக்கும், எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு குறைகள். ஆக்சிஜனும் உலோக அயனிகளும் சேர்ந்தால் சங்கிலி சிதையும். அதோடு மருந்து, அழகுப் பொருள்கள் வழியாகப் பெக் நம் உடம்புக்குள் வந்து பழகிவிட்டதால், சிலரின் ரத்தத்தில் பெக்குக்கே எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. அந்த ஆளின் சீரம் மட்டும் வினோதமாக ஏறும், காரணம் புரியாமல் வாரக்கணக்கில் தேடுவீர்கள்.

## ஸ்விட்டரயான் பாலிமர்

ஒரே மூலக்கூறில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் சேர்ந்து தண்ணீரைப் பெக்கைவிடவும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், புரதம் உட்கார இடமே கிடைப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷாவோயி ஜியாங் குழு கார்பாக்சிபீட்டேன் என்னும் ஸ்விட்டரயானின் தூரிகைகளால் (தூரிகை மயிர்போல் அடர்ந்து நிற்கும் சங்கிலிகளால்) நீர்க்காத சீரத்திலும் பிளாஸ்மாவிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து நானோகிராமுக்குக் கீழே கொண்டுவந்து காட்டியது. இந்தத் துறையில் என் மனசு அதிகம் ஈடுபட்ட பூச்சு இதுதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஈர்ப்புக்குக் காரணம் எண் மட்டும் இல்லை. கார்பாக்சிபீட்டேனில் உள்ள கார்பாக்சில் முனையையே இ.டி.சி., என்.எச்.எஸ். என்னும் இணைப்பு வேதிப்பொருள்கள் இரண்டையும் கொண்டு விழிக்கவைத்து ஆன்டிபாடியைப் பிணைக்கலாம். பிணையாமல் மிஞ்சிய இடங்கள் தண்ணீரில் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி புரதத்தைத் தள்ளத் தொடங்கும். பிடிக்கும் இடமும் தள்ளும் இடமும் ஒன்றே என்பதால் தனியாகத் தடுப்புப் பூச்சு தேவைப்படாது. சல்ஃபோபீட்டேன் இதன் மலிவான உறவு, ஆனால் அதில் ஆன்டிபாடியைப் பிணைக்க முனை கிடையாது. பெயர் ஒத்திருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள். விழித்த இடங்களைச் சரியாக உறங்கவைக்காமல் அவசரப்பட்டு சீரத்தை விட்டால் எல்லாம் ஒட்டும். காரத்தன்மையுள்ள பஃபரில் நிதானமாகக் கழுவுங்கள்.

சிரமம் எங்கே என்றால், தூரிகையைப் பரப்பிலிருந்தே வளர்க்கவேண்டும். அதற்குச் செம்பு வினையூக்கியும், ஆக்சிஜன் துளியும் இல்லாத சூழலும் வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரவேண்டும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். நடுவழி ஒன்று உண்டு. டோபா என்னும் ஒட்டு முனையோடு முன்கூட்டியே செய்த பாலிமரை வாங்கி, சிப்பை அதில் ஊறவைப்பது. தூரிகை அளவுக்கு அடர்த்தி வராது. என்றாலும், நைட்ரஜன் சிலிண்டர் இல்லாத ஆய்வகத்துக்கு அது நியாயமான வழி.

## சிலேன்

இனி கண்ணாடிப் பக்கம். கண்ணாடி, சிலிக்கான் ஆக்சைடு, சிலிக்கான் நைட்ரைடு இவற்றின்மேல் எல்லோரும் முதலில் எடுப்பது அமினோ சிலேன், ஒரு முனை கண்ணாடியோடு பிணைந்து மறுமுனையை மேலே நீட்டும் சிலிக்கான் சேர்மம். நம் மலையில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

டப்பாவை மூடாமல் வைத்த வர்க்கி குன்னூரில் அரைமணி நேரத்தில் நமத்துப்போகும். சிலேன் பாட்டிலும் அதே காற்றில்தான் திறக்கப்படுகிறது. சிலேன் பிணைய மிகச் சிறிதளவு தண்ணீர் தேவை. தண்ணீர் கூடினால் கண்ணாடியோடு பிணைவதற்கு முன்பே ஒன்றோடொன்று பிணைந்து கட்டிகளாகிவிடும். ஒரு ஜூலை மாதம், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத வாரத்தில், நாற்பது இழைகளுக்கு சிலேன் போட்டேன். மறுநாள் பார்த்தால் இழைகள் வெண்மையாகப் பால் படிந்ததுபோல் இருந்தன. எல்லாமே வீண். அதே செய்முறையைப் பிப்ரவரியில் செய்தபோது தெளிவாக வந்தது. செய்முறையில் எந்தத் தவறும் இல்லை, காற்றில்தான் இருந்தது.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள். கண்ணாடியைப் பிடிக்கும் கைகள் மூன்று இருக்கும் எத்தாக்சி சிலேனுக்குப் பதில் ஒரே கை உள்ள சிலேனை எடுங்கள், அதனால் கட்டியாகச் சங்கிலி கட்ட முடியாது. கரைசலில் முக்குவதற்குப் பதில், சிலிக்கா ஜெல் வைத்த உலர்கலனில் ஆவியாகப் படியவிடுங்கள். பிறகு 110 டிகிரியில் சுட்டுவிடுங்கள். அமினோ முனையே தண்ணீரைத் தூண்டி அடியிலுள்ள பிணைப்பை அறுக்கும் குணமும் இதற்கு உண்டு. ஆகவே பஃபரில் நாள்கணக்கில் ஊறப்போடாமல் உலர்வாகச் சேமியுங்கள்.

இத்தனையையும் தாண்டிச் சரியாக அமைந்தால் சிலேன் உறுதியானது. அமிலத்தால் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இழையே விலை உயர்ந்தது என்றால் இந்த உழைப்பு வீண்போகாது.

## பாலிலைசின்-பெக்

நேர்மின்சுமை கொண்ட முதுகெலும்பில் பெக் கிளைகள். கண்ணாடியின் எதிர்மின்சுமையோடு ஒட்டிக்கொண்டு கிளைகளை மேலே நீட்டும். பஃபரில் கரைத்து அரைமணி நேரம் முக்கியெடுத்தால் வேலை முடிந்தது. ஈரமும் பனியும் இதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் இது தண்ணீரிலேயே போடுவது. நுனியில் பயோட்டின் உள்ள வகையும் கிடைக்கும்.

ஆனால் மின்சுமையால் மட்டும் நிற்பதால், உப்பு அதிகமானாலோ அமிலத்தால் கழுவினாலோ கழன்றுவிடும். ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும்.

## பாலிடோபமின்

கடற்சிப்பி பாறையில் ஒட்டுவதைப் பார்த்து, 2007-இல் வெளியான ஆய்வு தந்த பூச்சு. டோபமினை மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், பி.எச். 8.5 உள்ள ட்ரிஸ் பஃபரில் கரைத்துப் பொருளைப் போட்டுவைத்தால் போதும். கண்ணாடி, தங்கம், பிளாஸ்டிக் என்று எதன்மேலும் பழுப்பாகப் படியும், ஒரு நாளில் 50 நானோமீட்டர் வரை. ஆன்டிபாடியும் தானாகப் பிணையும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிளாஸ்டிக் சிப் செய்யும் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

கவனிக்கவேண்டியது நிறம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை இது விழுங்கும். தங்கச் சிப்பில், திரும்பும் ஒளி குறையும் இடமாகக் கருவி தேடும் பள்ளம் அகன்று மங்கிவிடும். டிசம்பரில் அறை வெப்பம் 12 டிகிரிக்கு இறங்கும்போது வினை மெதுவாகி, 25 டிகிரிக்கு எழுதிய நேரக் கணக்கு பொய்த்துவிடும். வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம் மாட்டு ஆல்புமின், பால் புரதம் கொண்டு இடைவெளிகளை அடைப்பது. எலைசா என்னும் ஆன்டிபாடிச் சோதனையில் பழகிய கை அதைத்தான் தேடும். முதல் சோதனைக்குச் சரி. ஆனால் ஒட்டிய புரதத்தை இன்னொரு புரதம் மெல்ல இடம்பெயர்க்கும் என்பதால் நீண்ட அளவீட்டில் நம்ப முடியாது.

## எந்தப் பூச்சானாலும் மலை கேட்கும் கூடுதல் செலவு

இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். சிப்பின் கணக்கில் அது சதுர சென்டிமீட்டருக்கு 10 நானோகிராம் புரதம் ஒட்டியதற்குச் சமம். ஐந்து நானோகிராமுக்குக் கீழே தாங்கும் பூச்சை அரும்பாடுபட்டு வளர்த்துவிட்டு, காலை பத்து மணி வெயில் சன்னல் வழியே மேசைமேல் விழ விட்டால் அத்தனை உழைப்பும் மூழ்கிவிடும். பூச்சுக்குச் செலவழிக்கும் முன் வெப்பக் கட்டுப்பாட்டுக்குச் செலவழியுங்கள். பக்கத்தில் ஆன்டிபாடி இல்லாத ஒப்பீட்டு ஓடை ஒன்றையும் ஓடவிடுங்கள்.

குளிர்ந்த அறையில் வைத்த பஃபர் சூடான சிப்புக்கு வந்ததும் கரைந்திருந்த காற்று குமிழாக வெளியேறும். ஒரு குமிழ் கடந்துபோனால் அந்த அளவீடு போய்விடும். பயன்படுத்தும் முன் பஃபரை வெற்றிடத்தில் காற்று நீக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிப்பின் உறையை மேகம் இறங்கிய நேரத்தில் உடனே பிரிக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் பனித்துளி படிந்து பூச்சு பாழாகும். லென்சுகளில் பூஞ்சை படரும், இது மலையில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. ஒளிப்பகுதியை உலர்பெட்டியில் வையுங்கள்.

## அந்த இருவருக்கும் சொன்னது

ஊட்டி மாணவியிடம் ட்ரோபோனினை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். லிட்டருக்கு நானோகிராம் அளவில் உள்ளதை, எவ்வளவு நல்ல பூச்சின்மேலும் நேரடியாகப் பார்க்க முடியாது. மேலே இரண்டாவது ஆன்டிபாடியும் தங்க நானோதுகளும் சேர்த்து சிக்னலைப் பெருக்கியே ஆகவேண்டும். முதலில், உடம்பில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. எடுங்கள். தொற்று வந்தால் அது லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும். கலப்புத் தையால் அடுக்கில், பத்து மடங்கு நீர்த்த சீரத்தில் அதை நம்பகமாக அளந்துவிட்டால் கருவியும் கையும் பழகிவிடும். அதற்குப் பிறகு ட்ரோபோனினுக்கு ஸ்விட்டரயான். மாரடைப்பு நோயாளியோடு மலையிறங்கி கோவை போய்ச் சேரும் நேரத்தை நினைத்தால் அந்த ஆசையை நான் தடுக்கமாட்டேன். முதல் படி உறுதியாக இருக்கட்டும் என்றேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். எந்தப் பூச்சு வந்தாலும் முதலில் மார்க்கர் இல்லாத சீரத்தை இருபது முறை ஓடவிட்டு அந்த எண்களின் சிதறலைக் குறித்துவையுங்கள். கண்டறியும் எல்லை அந்தச் சிதறலின் மூன்று மடங்கிலிருந்துதான் வருகிறது. விளம்பரத் தாளில் உள்ள எண் உங்கள் மேசைக்குப் பொருந்தாது.

கோத்தகிரி நண்பரின் வேலை எனக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952-இல் எழுதினார்கள். 2023-இல் தேசிய ஒழிப்புத் திட்டமும் தொடங்கிவிட்டது. மலிவான விரைவுச் சோதனைகள் இருக்கும்போது புதுக்கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சுமப்பவரையும் நோயாளியையும் அளவைக்கொண்டு அங்கேயே பிரித்துச் சொல்லும் கருவி பாடி பாடியாக, அதாவது ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்புக்கும், போகமுடிந்தால் அதன் மதிப்பு பெரிது.

அவருக்கு ஸ்விட்டரயான் தேவையே இல்லை. ரத்தத்தை ஆயிரம் மடங்கு நீர்க்கப் போகிறார், ஒளியும் 850 நானோமீட்டர், ஹீமோகுளோபினின் நிறம் அங்கே அதிகம் தொந்தரவு செய்யாது. முதலில் சாதாரண கண்ணாடி இழைத் துண்டுகளில் பாலிலைசின்-பெக் போட்டு, ஆன்டிபாடி சாதாரண ஹீமோகுளோபினையும் சிக்கிள் வகையையும் உண்மையிலேயே பிரிக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிரிக்கவில்லை என்றால் வேறு ஆன்டிபாடி தேடவேண்டியதுதான், பூச்சில் போட்ட காசாவது மிஞ்சும். பிரித்தால், கிராட்டிங் (ஒளியைப் பிரிக்கும் நுண்வரிகள்) பொறித்த விலை உயர்ந்த இழைகளுக்கு ஒற்றைக் கை சிலேன்.

அந்த வேலைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும், டிசம்பர்வரை பாட்டிலைத் திறக்கவேண்டாம். ஜனவரி கடைசியில் உறைபனிக் காலத்து உலர்ந்த காற்று வரும். பிப்ரவரி முடிவதற்குள் நூறு இழைக்கும் சிலேன் போட்டு, சுட்டு, உலர்கலனில் அடுக்கிவிடலாம்.